சோங் பேரரசர் ஹுய்சோங்: நாட்டை இழந்தது ஓவியத்தாலா?

வைகைக்கரை எழுதியது:

சீனாவின் சோங் வம்சத்துப் பேரரசர் ஹுய்சோங் பற்றி ஓர் இழை தொடங்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. அவர் பெயர் வந்தாலே எல்லாரும் ஒரே தீர்ப்பைச் சொல்கிறார்கள்: எல்லாக் கலையும் கைவந்தவர், அரசாள்வது ஒன்றைத் தவிர. தூரிகையும் கையுமாக உட்கார்ந்திருந்தார், வடக்கிலிருந்து ஜுர்சென் படை வந்து தலைநகரைப் பிடித்தது, அவ்வளவுதான் கதை. எனக்கு இதில் உடன்பாடில்லை. அவருக்கு இருபது வயதுகூட நிரம்பாத காலத்தில் செய்த ஒரு காரியம்தான் வேரில் விழுந்த வெட்டு என்று நினைக்கிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இயற்பெயர் ஜாவ் ஜி. பிறந்தது 1082. பேரரசர் ஷென்சோங்கின் 11ஆவது மகன், அரியணை வரிசையில் யாரும் எண்ணிப் பார்க்காத பிள்ளை. 1100 தொடக்கத்தில் அண்ணன் ஜெசோங் ஆண் வாரிசில்லாமல் இறந்தார். தாய்ப் பேரரசி சியாங் இந்த 17 வயது இளவரசரைத் தேர்ந்தெடுத்தார். "இவர் நிலையற்ற மனம் கொண்டவர், நாடாள ஏற்றவர் இல்லை" என்று தலைமை அமைச்சர் ஜாங் துன் எதிர்த்ததாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. எதிர்ப்பு எடுபடவில்லை.

முதல் ஆண்டு நன்றாகவே போனது. அவர் அப்பா காலத்திலிருந்தே அரசவை இரண்டாகப் பிளந்து கிடந்தது. அமைச்சர் வாங் ஆன்ஷி கொண்டுவந்த சீர்திருத்தங்களை ஆதரித்தவர்கள் ஒரு பக்கம், எதிர்த்த சிமா குவாங், கவிஞர் சூ ஷி போன்றவர்கள் மறுபக்கம். இளம் பேரரசர் இரு தரப்பையும் சேர்த்து நடத்தப் பார்த்தார். ஆட்சியில் குறை இருந்தால் அஞ்சாமல் எழுதி அனுப்புங்கள் என்று ஆணையிட்டார். நம்பி எழுதினார்கள்.

1102இல் சாய் ஜிங் அமைச்சரானார். அந்தக் கடிதங்களை எல்லாம் மறுபடி எடுத்துப் படித்து, எழுதியவர்களை நல்லவர், தீயவர் என்று தரம் பிரித்தார்கள். 500க்கும் மேற்பட்டோர் தீயவர் பட்டியலில் விழுந்தார்கள். அதே ஆண்டு எதிர்க்கட்சியினர் 120 பேரின் பெயரைக் கல்லில் வெட்டினார்கள். 1104இல் பட்டியல் 309 ஆனது. பேரரசரே தன் அழகிய கையெழுத்தில் எழுதி அரண்மனையில் நிறுத்தினார். மற்ற ஊர்களில் வைக்க சாய் ஜிங் எழுதிக் கொடுத்தார். முன்பே இறந்துபோன சிமா குவாங் பெயரும் அதில் உண்டு. பட்டியலில் இருந்தவர்களின் பிள்ளைகளுக்கும் தலைநகரக் கதவு அடைக்கப்பட்டது. சூ ஷியின் நூல்களுக்குத் தடை.

சாங்கானில் இந்தக் கல்லை வெட்ட ஆன் மின் என்ற கல்தச்சரை அழைத்தார்கள். "நான் படிக்காதவன், இந்தக் கல் எதற்கென்று எனக்குத் தெரியாது. ஆனால் சிமா குவாங் நேர்மையானவர் என்று ஊரே சொல்கிறது. அவரைத் துரோகி என்று வெட்ட என் மனம் ஒப்பவில்லை" என்றாராம். அதிகாரிகள் மிரட்டினார்கள். அழுதுகொண்டே சொன்னார்: "வேலையைச் செய்கிறேன். கல்லின் கீழே செதுக்கியவன் பெயர் போடும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பின்னால் வருகிறவர்கள் என்னைப் பழிப்பார்கள்." படித்த அமைச்சர்கள் நிரம்பிய அரசில் இதைச் சொல்ல ஒரு கல்தச்சர் வேண்டியிருந்தது. நாட்டைக் காப்பாற்றியிருக்கக்கூடிய பேச்சைப் பேரரசர் அன்றைக்கே நிறுத்திவிட்டார் என்பதுதான் என் வாதம். நண்பர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நூலகத்தார் எழுதியது:

நல்ல தொடக்கம், ஐயா. கல்லைப் பற்றி ஒரு தகவல் சேர்க்கிறேன். 1106இல் வால்வெள்ளி தோன்றியது. வானம் சினந்துவிட்டது என்ற அச்சத்தில் பேரரசரே கற்களை உடைக்கச் சொன்னார். அதனால் மூலக் கல் ஒன்றும் மிஞ்சவில்லை. இன்று குவாங்சி பகுதியில் இரண்டு கற்கள் இருக்கின்றன. ஒன்று குய்லின் அருகே பாறையில் 1198இல் வெட்டியது, மற்றொன்று ரோங்ஷுய்யில் 1211இல் வெட்டியது. இரண்டையும் வெட்டுவித்தவர்கள் பட்டியலில் இருந்தவர்களின் கொள்ளுப்பேரன்கள். பழிப்பதற்காக எழுதிய பெயர்வரிசை நூறு ஆண்டுக்குள் குடும்பப் பெருமையாகிவிட்டது.

தூரிகை எழுதியது:

நான் ஓவியம் பயில்கிறவள். அரசியல் உங்களுக்கு விட்டுவிட்டேன். ஆனால் "ஓவியம் வரைந்த அரசர்" என்று ஒற்றை வரியில் கடந்துபோகக் கூடாது. அவரை ஓவியராகவே பார்த்தாலும் சீன மரபில் முதல் வரிசையில் நிற்பார்.

ஷென்யாங்கில் லியாவ்னிங் அருங்காட்சியகத்தில் இருக்கும் நற்சகுன நாரைகள் ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1112 சீனப் புத்தாண்டுக்குப் பிறகான விளக்குத் திருவிழாவின் மறுநாள் மாலை, தலைநகர் கைஃபெங்கின் அரண்மனை வாயிலுக்கு மேல் நாரைகள் வந்து வட்டமிட்டனவாம். வேறு யாராக இருந்தாலும் வாயிலை முழுதாக வரைந்து நடுவே பறவைகளை வைத்திருப்பார்கள். இவர் கட்டடத்தைக் கீழே அறுத்துவிட்டார். கூரையின் மேல்விளிம்பு மட்டும் மேகத்துக்குள் தெரிகிறது. மீதி முழுவதும் ஒரே சீரான நீல வானம். அதில் 18 நாரைகள் பறக்கின்றன. இரண்டு கூரை முகட்டின் இரு முனைகளிலும் நிற்கின்றன. ஒன்றின் இறக்கை போல இன்னொன்று இல்லை. பக்கத்திலேயே அவருடைய புகழ்பெற்ற மெலிந்த எழுத்தில் கவிதை. கோடு கம்பி மாதிரி நீண்டு, முடியும் இடத்தில் மட்டும் கொக்கியாக அழுந்துகிறது. அந்த எழுத்தை இன்றும் எழுதிப் பழகுகிறார்கள். நானும் முயன்றிருக்கிறேன், மணிக்கட்டு நடுங்காமல் ஓர் எழுத்தை முடிப்பது பெரும்பாடு.

அப்புறம், அவர் தனக்காக மட்டும் வரையவில்லை. ஓவியக் கல்வியை அரசுப் பள்ளிக்குள் கொண்டுவந்தார். கவிதை வரியைக் கொடுத்துப் படம் வரையச் சொல்லித் தேர்வு வைப்பார்கள் என்று மரபுச் செய்திகள் உண்டு. "பூக்களை மிதித்துத் திரும்பிய குதிரையின் குளம்பில் மணம்" என்பது ஒரு கேள்வி. மணத்தை எப்படி வரைவது? வென்றவர் குதிரையின் குளம்பைச் சுற்றி வண்ணத்துப்பூச்சிகளை வரைந்தாராம். இன்னொன்று மயில் கதை. மயில் திட்டின் மேல் ஏறுவது போல அவைக்கள ஓவியர்கள் வரைந்து வந்தார்கள். பேரரசர் பார்த்துவிட்டு "மயில் ஏறும்போது இடது காலைத்தான் முதலில் தூக்கும், நீங்கள் வலது காலைத் தூக்கியிருக்கிறீர்கள்" என்று திருப்பி அனுப்பினாராம்.

18 வயதுப் பையன் சிமெங்கைத் தானே கற்பித்து உருவாக்கினார். அந்தப் பையன் 1113இல் வரைந்த ஆயிரம் லி மலையும் ஆறும் (லி என்பது சீனத் தூர அளவு) என்ற சுருளோவியம் ஏறத்தாழ 12 மீட்டர் நீளம். பச்சையும் நீலமும் 900 ஆண்டு கழிந்தும் மங்காமல் நிற்கின்றன. அரையாண்டுக்குள் முடித்தான் என்று அதன் மேல் எழுதி வைத்தவர் யார் தெரியுமா? வைகைக்கரை ஐயா திட்டுகிற அதே சாய் ஜிங். படத்தைப் பேரரசர் அவருக்குத்தான் பரிசாகக் கொடுத்தார்.

பழங்காசு எழுதியது:

தூரிகை அவர்களே, அந்தக் கையெழுத்தை ஓவியத்தில் மட்டுமில்லாமல் காசிலும் பார்க்கலாம். சோங்னிங், தாகுவான் என்ற அவர் ஆட்சிக்கால ஆண்டுப் பெயர்களில் வார்த்த வெண்கலக் காசுகளில் இருப்பது அவர் எழுத்தே என்பார்கள். பழங்காசு சேர்ப்பவர்கள் நடுவில் சீனக் காசுகளிலேயே அழகானது எது என்று கேட்டால் தாகுவான் பெரிய காசைக் காட்டாதவர் குறைவு.

ஆனால் அழகுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு காசுக்குப் பத்துக் காசு மதிப்பு என்று அறிவித்துப் பெரிய காசுகளை வெளியிட்டார்கள். அதில் இருந்த உலோகம் மூன்று காசு அளவுக்குத்தான். பிறகு என்ன நடக்கும்? சாதாரணக் காசை உருக்கிப் பெரிய காசாக வார்த்தால் கொள்ளை லாபம். கள்ளக்காசு நாடெங்கும் புழங்கியது. கடைசியில் அரசே மதிப்பைக் குறைக்க வேண்டியதாயிற்று. பெரிய காசைச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு ஒரே நாளில் பெட்டிப் பணம் சுருங்கிவிட்டது.

தென்றல் எழுதியது:

இந்தக் காலத்தில் நம் பக்கம் சோழர் ஆட்சிதானே? இவருக்கும் சோழர்களுக்கும் தொடர்பு ஏதும் உண்டா?

பழங்காசு எழுதியது:

சோழர் தூதுகள் சோங் அரசவைக்கு 1015, 1033, 1077 ஆண்டுகளில் போயின. மூன்றும் இவருக்கு முந்தையவை. தஞ்சை வட்டாரத்தில் புதையலாகக் கிடைத்த சீனக் காசுகளில் சோங் காலத்தவை நிறைய. ஆனால் ஹுய்சோங் அவையிலேயே சோழர் பெயர் ஒருமுறை அடிபட்டது, 1106இல். பர்மாவின் பாகன் அரசிலிருந்து தூதர்கள் வந்தார்கள். சோழத் தூதருக்குச் செய்த மரியாதையையே இவர்களுக்கும் செய்யலாம் என்று பேரரசர் சொன்னார். சடங்குத் துறையினர் மறுத்தார்கள். "சோழநாடு ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கியது, அதனால் அவர்களுக்குச் சாதாரணத் தாளில் எழுதினோம். பாகன் பெரிய நாடு, அரபு நாட்டுக்கும் வியட்நாமுக்கும் தருகிற மரியாதையைத் தர வேண்டும்" என்றார்கள். பேரரசரும் ஏற்றுக்கொண்டார்.

ராஜேந்திரன் கடாரம் கொண்டது 1025இல். 80 ஆண்டு கழித்தும் கைஃபெங் கோப்பில் உறவு தலைகீழாகப் பதிவாகியிருந்தது. கடல் வணிகத்தில் இடையில் நின்ற ஸ்ரீவிஜயத்தார் சொன்னதைத்தான் அவர்கள் நம்பியிருக்க வேண்டும். அயல்நாடுகளைப் பற்றி இந்த அரசவைக்கு வந்துசேர்ந்த செய்தியின் தரம் அது. பின்னால் ஜுர்சென் விஷயம் பேசும்போது இதை நினைவில் வையுங்கள்.

கொற்றவை77 எழுதியது:

எல்லாம் சரி. ஓவியத்தை ரசிப்பவர்கள் அதற்கான செலவை யார் கொடுத்தார்கள் என்பதைத் தொடாமல் போகிறீர்கள். நான் பழைய தீர்ப்பின் பக்கம்தான். கலை ஆசை நாட்டைத் தின்றது.

கைஃபெங் சமவெளி நகரம். அதன் வடகிழக்கு மூலையில் மலை எழுப்பினால் பேரரசருக்கு ஆண் மக்கள் பெருகும் என்று ஒரு தாவோ சமயத்தவர் சொன்னாராம். 1117இல் தொடங்கி 1122 வரை மனிதக் கையால் ஒரு மலையைக் கட்டினார்கள். பெயர் கென்யுவே. அருவி, குகை, மான்கள், அயல்நாட்டுப் பறவைகள், தெற்கத்திய மரங்கள். அதற்கு வேண்டிய விசித்திரமான பாறைகள் தெற்கே தாய் ஏரியில் இருந்தன. சூசோவில் ஜூ மியான் என்பவர் இதற்கென்றே ஓர் அலுவலகம் நடத்தினார். எந்த வீட்டில் நல்ல கல்லோ மரமோ இருந்தாலும் படைவீரர்கள் உள்ளே புகுந்து மஞ்சள் சீலை போர்த்திவிடுவார்கள். அந்த நிமிடத்திலிருந்து அது பேரரசர் பொருள். வீட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொள்ளாவிட்டால் அரச அவமதிப்புக் குற்றம். எடுத்துப்போகும்போது வாசல் குறுக்கே நின்றால் வாசலை இடிப்பார்கள், சுவர் நின்றால் சுவரை. ஆற்றில் பாலம் தாழ்வாக இருந்தால் பாலம் போகும். நகர மதிலையே இடித்துக் கல்லை உள்ளே கொண்டுபோனதும் உண்டு. தலைநகருக்கு அரிசி கொண்டுவர வேண்டிய படகுகளில் பாறை ஏறியது. ஒரு பெரிய பாறைக்குப் பிரபுப் பட்டம்கூடக் கொடுத்தார்கள்.

1120இல் ஃபாங் லா தலைமையில் ஜெஜியாங் பக்கம் மக்கள் கிளர்ந்தார்கள். ஜூ மியானைக் கொல்வோம் என்பதுதான் அவர்கள் முழக்கம். ஹாங்சோ உட்படப் பல நகரங்கள் விழுந்தன. இதற்குப் பிறகும் கலைக்கும் அழிவுக்கும் தொடர்பில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள், ஐயா?

நூலகத்தார் எழுதியது:

கொற்றவை சொன்ன செய்திகள் சரியானவையே. ஆனால் ஓர் எச்சரிக்கை. இவரைப் பற்றிய கதைகளில் பாதி, தலைநகர் விழுந்தபின் சோங் அரசவை தெற்கே ஓடிப்போய் அரசமைத்த பிறகு எழுதியவை. தெற்கு அரசை ஆண்டவர் இவருடைய ஒன்பதாவது மகன் காவ்சோங். அப்பாவை முழுதாகக் குற்றம் சொல்ல முடியாது, பழியை ஏற்க யாராவது வேண்டும். சாய் ஜிங், படைத்தலைவர் துங் குவான், ஜூ மியான் உள்ளிட்ட "ஆறு துரோகிகள்" அப்படிக் கிடைத்தார்கள். அத்துடன் வாங் ஆன்ஷியின் சீர்திருத்தங்களையும் சேர்த்துப் புதைத்தார்கள். பந்து விளையாட்டு, தாசி வீடு, 108 கொள்ளையர் என்று நாம் படங்களில் பார்ப்பதெல்லாம் பிற்காலக் கதைகள் ஊதிப் பெருக்கியவை.

சாய் ஜிங் காலத்தில்தான் ஊர்தோறும் அரசுப் பள்ளிகள் விரிந்து 2 லட்சம் மாணவர் அளவில் அரசு செலவில் படித்தார்கள். ஆதரவற்றோர் இல்லம், ஏழைகளுக்கு மருத்துவ இல்லம், அநாதைப் பிணங்களுக்கு இடுகாடு ஆகியவை நாடு முழுதும் ஆணையானதும் அப்போதுதான். காகிதத்தோடு நின்ற திட்டம் என்று சொல்ல முடியாது. இன்றைய சான்மென்சியா அருகே அப்படி ஓர் இடுகாட்டைத் தோண்டியபோது 849 குழிகள் கிடைத்தன. பலவற்றில் செங்கல்லில் வரிசை எண், இறந்தவர் பெயர் தெரிந்தால் பெயர், எங்கிருந்து கொண்டுவந்தது, எந்த நாளில் புதைத்தது என்று கீறி வைத்திருக்கிறார்கள். நாதியற்றவர் பிணத்துக்குக்கூடக் கணக்கு எழுதிய அரசு அது.

வைகைக்கரை எழுதியது:

நூலகத்தாருக்கு நன்றி. கொற்றவையின் கேள்வி கனமானது, ஒதுக்க முடியாது. பாறைகளுக்காக மக்கள் பட்ட துன்பம் உண்மை. ஆனால் ஃபாங் லாவை 1121இல் பிடித்துவிட்டார்கள். அரசு விழவில்லை. அரசை விழவைத்தது வேறு முடிவு.

வடக்கே கித்தான்களின் லியாவ் அரசோடு 1005இல் உடன்படிக்கை. ஆண்டுதோறும் வெள்ளியும் பட்டும் கொடுத்து சோங் அரசு 100 ஆண்டுக்கு மேல் பெரிய போர் இல்லாமல் இருந்தது. 1115இல் லியாவுக்குப் பின்னாலிருந்து ஜுர்சென்கள் ஜின் என்ற பெயரில் அரசமைத்து லியாவை அடிக்கத் தொடங்கினார்கள். இன்றைய பெய்ஜிங் சுற்றுவட்டாரமான பதினாறு மாவட்டங்களை மீட்பது சோங் அரசர்களின் தலைமுறைக் கனவு. கடல் வழியாகத் தூது போய் 1120இல் ஜின்னோடு கூட்டு சேர்ந்தார்கள். இரு பக்கமும் அடித்து லியாவை முடிப்பது திட்டம்.

வேண்டாம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். கொரிய அரசர் தன் நாட்டுக்கு வந்திருந்த சோங் மருத்துவர்கள் இருவரிடம் சொல்லியனுப்பினார்: லியாவ் உங்களுக்கு எல்லைக் காவல், ஜுர்சென்கள் ஓநாயும் புலியும், நட்பு வைக்காதீர்கள். 1122இல் சோங் ஜாவ் என்ற அதிகாரி படையெடுப்பை எதிர்த்து மனு எழுதினார். அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கித் தெற்கே தள்ளினார்கள்.

நடந்தது என்ன? துங் குவான் தலைமையில் போன படையை, ஏற்கெனவே சாகக் கிடந்த லியாவே 1122இல் இரண்டு முறை முறியடித்தது. அங்கிருந்த முக்கிய நகரை (இன்றைய பெய்ஜிங்) பிடித்தது ஜின். 1123இல் அதை விலைக்கு வாங்கினார்கள். லியாவுக்குக் கொடுத்து வந்ததை இவர்களுக்குக் கொடுப்பதோடு ஆண்டுக்கு 10 லட்சம் கோவைக் காசும் சேர்த்து. கைக்கு வந்தது வெறும் நகரம். மக்களையும் செல்வத்தையும் ஜின் வாரிக்கொண்டு போயிருந்தது. அந்தப் போரில்தான் சோங் படையின் பலம் எவ்வளவு என்று ஜின்காரர்கள் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். துங் குவானுக்கோ 1125இல் இளவரசர் பட்டம்.

தவறான முடிவை எந்த அரசும் எடுக்கும். இடையில் "போதும், நிறுத்துங்கள்" என்று சொல்ல ஆளிருந்தால் சேதம் குறையும். 1102இல் தொடங்கி 20 ஆண்டாக அந்த ஆட்களைத்தான் களையெடுத்திருந்தார்கள்.

தென்றல் எழுதியது:

அப்புறம் தலைநகர் எப்படி விழுந்தது? கடைசிப் பகுதியை யாராவது விரிவாகச் சொல்லுங்களேன்.

கொற்றவை77 எழுதியது:

நான் சொல்கிறேன். 1125 இறுதியில் ஜின் படை இரண்டு வழியாக இறங்கியது. ஒன்று தாய்யுவானில் மாட்டிக்கொண்டது, இன்னொன்று நேரே கைஃபெங் நோக்கி வந்தது. பேரரசர் எல்லாப் பிழையும் தன்னுடையது என்று ஓர் ஆணை வெளியிட்டார். பாறைப் படகுகளை நிறுத்தினார். 1126 ஜனவரியில் முடியை மகன் சின்சோங்குக்குக் கொடுத்தார். பக்கவாதம் வந்தவர் போல விழுந்து, வலக் கை வராது என்று இடக் கையால் முடிதுறப்பை எழுதினார் என்கிறார்கள். மகன் முடி வேண்டாம் என்று அழுது மயங்கி விழுந்திருக்கிறார். தந்தை தெற்கே ஜென்ஜியாங்குக்குப் போய்விட்டார்.

நகரைக் காத்தவர் அமைச்சர் லி காங். ஜின் கேட்ட தொகை 50 லட்சம் தாயல் (சீன எடை அளவு) தங்கம், 5 கோடி தாயல் வெள்ளி, மேலும் வடக்கே மூன்று கோட்டை நகரங்கள். வீடு வீடாகத் தேடியும் அவ்வளவு தேறவில்லை. அப்போது சென் தோங் என்ற மாணவர் தலைமையில் அரண்மனை முன் பல்லாயிரம் பேர் கூடி, பதவி நீக்கிய லி காங்கை மீண்டும் அமர்த்த வைத்தார்கள். ஜின் படை விலகியது. சாய் ஜிங் நாடு கடத்தப்பட்டு வழியில் 80 வயதில் இறந்தார். துங் குவானுக்கும் ஜூ மியானுக்கும் மரண தண்டனை.

ஆபத்து நீங்கியது என்று லி காங்கையே மறுபடி வெளியேற்றினார்கள். அதே ஆண்டு இறுதியில் ஜின் திரும்பி வந்தது. கடும் பனி. கென்யுவே மலையின் பாறைகளை உடைத்துக் கவண்கல்லாக எறிந்தார்கள், மரங்களை வெட்டி எரித்தார்கள், மான்களை அறுத்துக் காவல் வீரர்களுக்கு உணவாக்கினார்கள். குவோ ஜிங் என்றொருவன் 7,777 பேரை மந்திரப் படையாக நிறுத்தினால் எதிரியைப் பிடித்துவிடலாம் என்றான். அரசு நம்பியது. அவனுக்காகக் கதவைத் திறந்தார்கள். 1127 ஜனவரி 9 அன்று மதில் எதிரி கைக்குப் போனது.

தங்கம் பற்றாதபோது அரச குடும்பப் பெண்களுக்கே விலை குறித்து ஈடாக எடுத்துக்கொண்டார்கள். தந்தையும் மகனுமாக இரு பேரரசர்கள், இளவரசர், இளவரசியர், கைவினைஞர், இசைக்காரர் என ஏறத்தாழ 14,000 பேரை வடக்கே நடத்திப் போனார்கள். நூல்கள், வானியல் கருவிகள், சடங்குப் பாத்திரங்கள் வண்டி வண்டியாகப் போயின. அரண்மனைத் தொகுப்பின் பட்டியலில் மட்டும் 6,396 ஓவியங்கள் இருந்தன. எவ்வளவு மிஞ்சியது என்பதை தூரிகைதான் சொல்ல வேண்டும்.

தூரிகை எழுதியது:

மிகச் சிலவே. அதுவும் இருக்கிற பலவற்றில் பிற்காலப் படியா, மூலமா என்ற வழக்கு முடியவே இல்லை.

நூலகத்தார் எழுதியது:

வடக்கே போன பிறகு நடந்ததைச் சாய் ஜிங்கின் மகன் ஒருவரே எழுதி வைத்தார். அவர் பேரரசரின் மருமகன், கூடவே சிறை போனவர். 1128இல் ஜின் தலைநகரில் அவர்களை மன்னர் முன் நிறுத்தி, தந்தைக்கு "மயங்கிய குணத்துப் பிரபு" என்று பட்டம் கொடுத்தார்கள். பிறகு ஹான்ஜோவுக்கும், 1130இல் இன்றைய ஹெய்லோங்ஜியாங்கில் இருக்கும் வுகுவோசெங்குக்கும் மாற்றினார்கள். அங்கே அவர் மகன்களில் ஒருவரும் ஒரு மருமகனுமே, அவர் கலகம் செய்யத் திட்டமிடுகிறார் என்று ஜின்காரர்களிடம் பொய்ப்புகார் கொடுத்தார்கள். விசாரணையில் புகார் நிற்கவில்லை.

ஒரு சம்பவம் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. யாரோ வாங் ஆன்ஷியின் நாட்குறிப்பு நூலை விற்க வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, தன் உடையைக் கொடுத்து அதை வாங்கிப் படித்தாராம். அந்தக் குளிர்நாட்டில் உடை என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். தான் 25 ஆண்டு நடத்திய அரசியலின் மூலநூலை அவர் அங்கேயும் தேடியிருக்கிறார். ஆட்சியைப் பொழுதுபோக்காக எண்ணியவர் செய்கிற காரியமாக அது எனக்குப் படவில்லை.

1135 ஜூனில், 52 வயதில் இறந்தார். செய்தி தெற்கே எட்டியது 1137இல். உடலை 1142 உடன்படிக்கைப்படி காவ்சோங்கின் தாயோடு சேர்த்துத் திருப்பி அனுப்பினார்கள். சின்சோங்கை அனுப்பவில்லை. அவர் அங்கேயே இறந்தார்.

கொற்றவை77 எழுதியது:

உடையைக் கொடுத்து நூல் வாங்கியது மனத்தைத் தொடுகிறது. ஆனாலும் என் நிலை மாறவில்லை. வைகைக்கரை ஐயா பாறையையும் போரையும் தனித்தனியாக வைத்துப் பேசுகிறார். ஃபாங் லாவை அடக்கப் போன படை எது? லியாவைத் தாக்க வடக்கே போகத் திரட்டி வைத்திருந்த அதே படை. துங் குவான் அதைத் தெற்கே திருப்பினார். கூட்டுத் திட்டம் தடுமாறியதற்கும் கருவூலம் காலியானதற்கும் பாறைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1119இல் தெங் சூ என்ற பல்கலைக்கழக மாணவர் பாறைப் படகுகளைக் கண்டித்துக் கவிதை எழுதியதற்காகத்தானே வெளியேற்றப்பட்டார்? அதே ஆண்டு, பேரரசர் மாறுவேடத்தில் ஊர் சுற்றுவதைக் கண்டித்த சாவ் ஃபூவையும் தூரத்துக்குத் தள்ளினார்கள். நீங்கள் சொல்லும் வாயடைப்பு நடந்ததே இந்த ஆசைகளைக் காப்பாற்றத்தான்.

வைகைக்கரை எழுதியது:

படையைத் திருப்பிய விஷயம் நல்ல அடி, அதை ஏற்கிறேன். இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. எது எதைத் தாங்கியது என்பதில்தான் நமக்குள் வேறுபாடு. ஆசை எல்லா அரசருக்கும் இருந்தது. அவருடைய அப்பா ஷென்சோங்கும் போரில் பெரும் பணத்தை இழந்தவர்தான், ஆனால் எதிர்த்து எழுதியவர்களை மொத்தமாக வாரி வெளியே கொட்டவில்லை.

ஃபாங் லா விஷயத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. 1121 தொடக்கத்தில் தெற்கே போன துங் குவான், மக்கள் கொதிப்பின் காரணத்தை நேரில் பார்த்தார். பேரரசர் பெயரில் பிழை ஒப்புக்கொள்ளும் ஆணை ஒன்றை எழுதவைத்து, பாறை அலுவலகத்தை மூடினார். கிளர்ச்சி தணிய அதுவும் உதவியது. துங் குவான் ஒன்றும் நேர்மைக்குப் பேர்போனவர் இல்லை, அவருக்கே அது தெரிந்தது. கலகம் அடங்கியதும் பேரரசர் அந்த ஆணையைக் கண்டு வருந்தினார், சினந்தார். அதே ஆண்டிலேயே அலுவலகத்தை மறுபடி திறந்தார். ஜூ மியான் பழைய செல்வாக்கோடு திரும்பினார். ஒரு பகுதியே எரிந்து அடங்கிய பிறகு, விலை என்னவென்று முழுதாகத் தெரிந்த பிறகு திறந்தது அது. அரசவையில் அதைத் தடுத்து நிறுத்தும் பலம் யாரிடமும் மிஞ்சியிருக்கவில்லை.